பூஜ்யத்துக்கு வராத சென்சார்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பேய் என்றால் முதலில் சிரிப்பவளே நான்தான். ஆனால் போன ஆடித் தபசு அன்று சங்கரன்கோவிலில், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நடந்ததில் ஒரு சொல் கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு பாழுங்கிணறு. தூர் வார சங்கரசுப்பு அண்ணாச்சி ஆட்களோடு தயாராக இருந்தார். உள்ளே கெட்ட காற்று தேங்கியிருந்தால் இறங்குகிறவர் பிணமாகத்தான் வருவார். அதைக் கண்டுபிடிக்க விரல்நகம் அளவில் ஒரு சென்சார் செய்திருந்தேன். அதுதான் என் ஆராய்ச்சி.

"சாஜிதா டீச்சர், நீங்க சொன்னாத்தான் எறங்குவோம்" என்றார் அண்ணாச்சி.

முந்தின வாரம் அதைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். சேற்றில் புதைந்து, எண்கள் தாறுமாறாக ஓடின. அண்ணாச்சியின் ஆட்களில் ஒருத்தியான வள்ளித்தாய்தான் அதைத் துடைத்துக் கொடுத்தாள். அவள் கணவர் மாரிக்கண்ணன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறதாம். ஒரு போன் கூட இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

தபசுக்கு உள்ளூர் விடுமுறை. ஊரே கோயிலில் இருந்தது. நான் மட்டும் சென்சாரைச் சுத்தம் செய்து, சூடேற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். உள்ளே நைட்ரஜன் மட்டும். பாழுங்கிணற்றில் தேங்குவதும், நாம் மூச்சில் வெளிவிடுவதுமான கார்பன் டை ஆக்சைடைத்தான் இந்தச் சென்சார் அளக்கும். பெட்டியில் அது துளியும் கிடையாது. பூஜ்யம் காட்ட வேண்டும்.

மதியம் 2:40. எண் ஏறியது. இறங்கியது.

இரண்டு சின்ன ஏற்றம்... ஒரு பெரிய ஏற்றம். மறுபடியும் அதே.

கசிவு என்று நினைத்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழ் கூட வரவில்லை. என் மூச்சோ என்று வாயைப் பொத்திக்கொண்டு வாசல்வரை போய் நின்று பார்த்தேன்.

ஏற்ற இறக்கம் நிற்கவில்லை.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. மறைந்தது. படிந்தது...

ஸ்ஸ்... ஸ்ஸ்... ஹா...

 கடிகாரத்தையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மெல்ல மெல்ல இடைவெளி கூடியது. 3:20. ஒரு சின்ன ஏற்றம்...

பெரியது வரவே இல்லை.

பூஜ்யம்.

வெகுநேரம் கழித்து, அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திப் பார்த்தேன். கச்சிதமாகக் காட்டியது. சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை.

மறுநாள் கிணற்றில் இறக்கினேன். ஆபத்தில்லாத எண்தான். ஆனாலும் இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அண்ணாச்சிக்கு எரிச்சல். நேற்று சென்சார் பதிந்த எண்களின் வரைபடத்தைப் போனில் எடுத்து விரல் வைத்து விளக்கினேன். இரண்டு சின்னது, ஒரு பெரியது. எட்டிப் பார்த்த வள்ளித்தாய் கையிலிருந்த கூடையை நழுவவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரவுக உறங்குதப்ப இப்படித்தான் மூச்சு விடுவாக... இதை எங்கன புடிச்சிய டீச்சர்?"

நான் போலீசுக்குச் சொன்னேன்; அவர்கள் வந்த பிறகுதான் தூர் வாரினார்கள். சேற்றுக்கு அடியில் மாரிக்கண்ணன் இருந்தார். கேரளாவுக்கு அவர் போகவே இல்லை. எப்படி விழுந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வள்ளித்தாய் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "விழுந்ததுமே உசுரு போயிருக்கும்லா?"

ஆமாம் என்றேன்.

அந்த வரைபடம் இன்னும் என் போனில் இருக்கிறது. நாற்பது நிமிடம் ஓடுகிறது.