படத்துக்குக் கீழே இருந்த பட்டியல்

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். கடைக்காரர் தட்டிக் காட்டிய தேங்காயை நானும் ஒருமுறை தட்டிப் பார்த்துத்தான் பையில் போடுவேன். அப்படிப்பட்ட நான் என் தொழிலின் மொத்த விவரத்தையும் இணையத்தில் கொண்டுபோய் வைத்தேன் என்றால், அது எங்கள் பட்டறை அக்கா கேட்டதால்தான்.

விருதுநகரில் எனக்குக் காலண்டர் தொழில். சிவகாசியில் அச்சாகி வரும் சாமிப் படங்களை வாங்கி, கீழே கடைப்பெயரும் போன் நம்பரும் அடித்து, தேதித் தாள் கட்டி ஊர் ஊராக அனுப்புவோம். ஆர்டரெல்லாம் மூன்று நோட்டிலும் என் சட்டைப்பையில் இருக்கும் துண்டுச் சீட்டிலும் சிதறிக் கிடக்கும். எதை எங்கே எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அக்காதான் தேடி அலைவார். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர் அவர். பட்டறையில் எல்லாம் அவர் கையில்தான். அவர் ஒரு வாரம் வராவிட்டால் நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகவேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்க முடியாதா என்று அவர் கேட்டதால், போனில் ஒரு குறிப்புச் செயலியை ஏற்றினேன். ஒரே பக்கத்தை இரண்டு பேரும் திறக்கலாம். மேலே படங்கள், கீழே எந்தக் கடைக்கு எந்தப் படம், எத்தனை, அச்சடிக்க வேண்டிய கடை நம்பர் என்ன என்ற பட்டியல். அக்கா இரண்டே நாளில் தமிழில் தட்டப் பழகிவிட்டார். எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆடிப் பதினெட்டு அன்று புது வருஷப் படங்களை வெளியிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். கனமான ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவோம். இந்தத் தடவை நான் அந்தப் பக்கத்தின் லிங்கை எல்லாக் கடைக்காரருக்கும் போனில் தட்டிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஆவணியில் வினை வந்தது. ஒரே தெருவில் இரண்டு கடைக்கு ஒரே படம் தருவதில்லை என்பது நான் கொடுத்திருக்கும் வாக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடைக்காரர் போனில் கத்தினார். அவர் எடுத்த அதே முருகன் படத்தை, அவர் பெயரையே சொல்லி, வேறொரு ஏஜெண்ட் எதிர்க்கடைக்குக் கொடுத்திருக்கிறான். இரண்டு நாளில் ராஜபாளையத்திலிருந்தும் அதே புகார். யாரோ என் பட்டியலைப் படித்துச் சொல்கிறார்கள். பட்டியல் தெரிந்தது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்.

அன்றிலிருந்து அவரை என் கண் விடவில்லை. நெருப்புக்குப் பயந்து போனை உள்ளே விடாத பட்டாசுக் கம்பெனியின் பழக்கத்தில், அவர் இங்கேயும் போனை உள்ளே கொண்டுவரவே மாட்டார். வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு வருவார். பேசவேண்டும் என்றால் வெளியே போவார். இத்தனை வருஷமாகப் பார்த்த பழக்கம்தான். இப்போது ஏன் வெளியே போய்ப் பேசுகிறார் என்று தோன்றியது. செயலியில் யார் எப்போது திருத்தினார்கள் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெயர் இருந்தது. லீவு நாளில் இவருக்கு அதில் என்ன வேலை?

ஒரு பொறி வைத்தேன். அருப்புக்கோட்டையில் எனக்கு வேண்டிய பாத்திரக்கடைக்காரர் ஒருவர். அவர் கொடுக்காத ஆர்டரைப் பட்டியலில் எழுதினேன்: கருப்பசாமி படம், ஐந்நூறு, பக்கத்தில் அவர் கடை நம்பர். யாராவது கருப்பசாமி படத்தைப் பற்றிப் பேசினால் உடனே சொல்லுங்கள் என்று அவரிடமும் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார். ஒரு பெண்குரல் போன் பண்ணி, கருப்பசாமி காலண்டர் என்று பேச்செடுத்ததாம். எனக்கு ரத்தம் கொதித்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது அல்லவா?

அக்கா தேதித் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். அருப்புக்கோட்டைக்கு எதற்குப் போன் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அச்சடிக்கிற நம்பர் சரியான்னு கேக்கத்தான் தம்பி. நீங்க எளுதுன கடை நம்பர்ல ஒம்பது எண்தான் இருந்துச்சு. அப்படியே அடிச்சா ஐந்நூறும் பாளாப் போகும்லா? நானும் ஞாயித்துக்கெளம வீட்ல உக்காந்து ஒவ்வொண்ணாச் சரிபாக்கேன். பழைய நோட்டைப் பாத்து அவருக்குப் போனைப் போட்டா, ஆர்டரே குடுக்கலன்னாரு."

கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"எதுக்குத் தம்பி அப்படி எளுதுனீக?"

பட்டியல் வெளியே போகிறது, அதனால்தான் என்று முனகினேன். அவருக்குப் புரியவில்லை. பட்டியல்தான் எல்லாருக்கும் தெரிகிறதே என்றார். வாசலுக்குப் போய்ப் போனை எடுத்துவந்தார். சாத்தூரில் கடை வைத்திருக்கும் அவருடைய கொழுந்தனுக்கும் நான் ஆடிப் பதினெட்டு அன்று லிங்கை அனுப்பியிருந்தேன். கொழுந்தன் அதை இவருக்கு அனுப்பியிருந்தார். அதைத் திறந்தார். படங்கள் வந்தன. விரலால் தள்ளினார். படத்துக்குக் கீழே ஒரு கடை விடாமல் என் மொத்தப் பட்டியலும் வந்தது. படத்தோடு பட்டியலையும் நான்தான் ஊருக்கே அனுப்பியிருக்கிறேன்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அப்போதும் அவரிடம்தான் கேட்டேன்.

"யார் யார் எந்தப் படம் எடுத்திருக்காகன்னு பாத்தா ஆர்டர் கூடும்னு நீங்க தெரிஞ்சுதான் விட்டிருக்கீகன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் என்னை அப்படி நினைத்திருக்கிறார். நான் அவரை எப்படி நினைத்தேன் என்பது அந்தப் பொய் ஆர்டரிலிருந்து அவருக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். சரி தம்பி என்று மட்டும் சொன்னார்.

அன்றே லிங்கை அடைத்தேன். மறுநாள் அக்கா வராமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தார். எதுவும் மாறவில்லை, ஒன்றைத் தவிர. இப்போது பட்டியலில் ஓர் எழுத்தைத் திருத்தவேண்டும் என்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்.

"தம்பி, இங்கன வாங்க. திறக்கப் போறேன்."

நான் இல்லாமலே எழுதுங்கள் அக்கா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்பதில்லை. நான் போய்ப் பக்கத்தில் நிற்கும்வரை அவர் விரல் அந்தத் திரையைத் தொடுவதில்லை.