ஏமி ஒன்றும் சாப்பிடுவதில்லை

அமெரிக்காவைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. குசினியில் வெங்காயம் உரிப்பவளிடம் அதை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அமெரிக்காவுக்குப் போகாமலே, பலெர்மோவில் ஓர் அமெரிக்க வீட்டுக்குள் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். அந்த வீட்டில் ஒரு தாயின் கையை விட்டுப் பிள்ளை போனது. அதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதைத் திரும்பக் கிளற எனக்கு விருப்பமே இல்லை.

1. முதல் நாள்

தொண்ணூற்றாறாம் ஆண்டு முடிகிற நேரம். நானும் என் மனிசரும் பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் நகர ஓரத்துச் சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்துக்குத் தோடம்பழம் ஆயப் போவார். நான் பார்த்துவந்த கிழவி காலமாகி, எனக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெசோ, அதாவது இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்க முடியாது. அந்த நேரத்தில்தான் இந்த வீடு கிடைத்தது.

சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மாவின் பெயர் லிண்டா. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். கணவர் டேவிட் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. மகள் ஏமிக்கு அப்போது மூன்று வயது. முதல் நாளே என்னைக் கதிரையில் இருத்திக் கோப்பி ஊற்றித் தந்தார் லிண்டா. நாங்கள் கதைத்தது இத்தாலியன். என் வாய்க்கு வருகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

"என்னை லிண்டா எண்டே கூப்பிடும், ராணி."

"இல்லை சிஞ்ஞோரா."

"ஏன்?"

"பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால் பேந்து நான் நீங்கள் சொல்லுறதைக் கேக்கமாட்டன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே என்றால்தான் வீடு ஓடும் என்பது என் எண்ணம். நான் பழைய ஆள்தான், அதை ஒளிக்கவில்லை.

ஏமி அப்போது குச்சி மாதிரி இருந்தாள். பெட்டிக்குள் இருந்து கொட்டுகிற சோளப் பொரிக்குப் பால் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை எப்படி வளரும்? நான் சோறும் பருப்பும் குழைத்து, நெய் விட்டு ஊட்டினேன். சியாகுல்லி மண்டரினை உரித்து உரித்துக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்குள் கன்னம் வைத்து, கை மடிப்பெல்லாம் விழுந்து, தூக்க முடியாத பாரமாகிவிட்டாள். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துத்தான் வெளியே கூட்டிப் போவேன். லிண்டா தடுக்கவில்லை.

பூங்காவில் சிசிலிக் கிழவிகள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "என்ன வடிவான பிள்ளை, நல்லாச் சாப்பிடுறாளோ?" என்று கேட்பார்கள். நான் உடனே, "எங்கை, ஒண்டும் சாப்பிடாது, எந்த நேரமும் காய்ச்சல், வருத்தம்" என்பேன். பிள்ளையை யாராவது புகழ்ந்தால் வேறு எப்படிப் பதில் சொல்வது? எந்தத் தாய் "ஓம், என்ரை பிள்ளை நல்லாக் கொழுத்திருக்கு" என்று சொல்லி நாவூறு வாங்குவாள்? கிழவிகளுக்கு அது விளங்கும். அவர்களும் கண்ணுக்குப் பயந்தவர்கள். கண் படாமலிருக்க இரண்டு விரலை நீட்டிக் கொம்பு காட்டிவிட்டுப் போவார்கள். லிண்டாவும் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

2. ஒரு கட்டிலில் இரண்டு கட்சி

அந்த வீட்டில் புருசன் ஒரு கட்சி, பெண்சாதி மறு கட்சி. வோட்டுக் கடதாசி அமெரிக்காவிலிருந்து தபாலில் வரும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு, ஒரே மேசையில் இருந்து எழுதுவார்கள். எங்கள் வீடுகளில் சண்டை பிடித்தாலும் வோட்டு ஒன்றுதான். கட்டிலில் இரண்டு கட்சி படுத்தால் அந்தக் கட்டில் எவ்வளவு காலம் தாங்கும் என்று என் மனிசரிடம் சொன்னேன். "உமக்கு ஏன் அவையின்ரை கட்டில் கதை?" என்று அவர் வாயை அடைத்தார்.

டேவிட் தன் தகப்பனின் வீட்டுப் படம் ஒன்றைக் காட்டினார். ஒரு கண்ணாடி அலுமாரி நிறையத் துவக்குகள். பெருமையாகக் காட்டினார்.

"எங்கடை ஊரிலை துவக்கு வந்தாப் பிறகுதான் வீடுகள் இல்லாமல் போனது, சிஞ்ஞோரே" என்றேன்.

"அது சண்டை, ராணி. இது சுதந்திரம்" என்றார். நான் கோப்பையைக் கழுவப் போனேன்.

வேறும் உண்டு. ஆறு மாதப் பிள்ளையையே தனி அறையில் தனியாகப் படுக்க வைப்பார்களாம். டெலிபோனில் ஒருவருக்கொருவர் எத்தனை தரம் அன்பு சொல்வார்கள், ஆனால் தாயும் தகப்பனும் முதியோர் இல்லத்தில். இவர்கள்தான் உலகத்துக்கெல்லாம் ஒழுங்கு சொல்கிறவர்கள் என்று எனக்குள் புறுபுறுப்பேன். மெச்சியதும் உண்டு. சம்பளம் ஒரு நாள் பிந்தாது. டேவிட் தானே கோப்பை கழுவுவார். சொன்ன சொல் என்றால் சொல்தான்.

3. தொலைக்காட்சியில் ஒரு சத்தியம்

தொண்ணூற்றெட்டு செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒரு பெண் விஷயத்தில் விசாரிக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். நாட்டுத் தலைவரை இருத்தி, கட்டிலில் நடந்ததைக் கேள்வி கேள்வியாகக் கேட்கிறார்கள். ஏமி இருந்த அறையில் அது ஓடியது. நான் போய் நிறுத்தினேன். டேவிட் திரும்பவும் போட்டார்.

"அது அவன்ரை வீட்டு விசயம். ஏன் நாடு கேக்கவேணும்?" இது டேவிட்.

"அவன் செய்ததுக்கு நான் கேக்கேல்லை. சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொன்னான். சத்தியத்திலை பொய் சொன்ன ஒருத்தரை ஒண்டிலையும் நம்பேலாது." இது லிண்டா.

அன்று அவர்கள் ஜனாதிபதியைப் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள் என்று நினைத்தேன். டேவிட்டின் கம்பெனியில் ஒரு பெண் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

லிண்டா குசினிக்கு வந்து, "நீர் என்ன நினைக்கிறீர், ராணி?" என்று கேட்டார். அந்த வீட்டில் என் அபிப்பிராயம் கேட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"வீட்டு மானத்தை மறைக்கப் பொய் சொல்லாத மனுசர் ஆர், சிஞ்ஞோரா? எனக்கு அந்த ஜனாதிபதியின்ரை பெண்சாதியைத்தான் பிடிச்சிருக்கு. அவ வீட்டை விட்டுப் போகேல்லை. நீங்களும் இந்தக் கட்சிச் சண்டையைப் பொறுத்து இருங்கோ."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். அடுத்த மாதம் டேவிட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

4. கேள்வி கேட்க வந்தவர்

குளிர்காலத்தில் அமெரிக்காவில் வழக்கு வந்தது. விவாகரத்து அல்ல பிரச்சினை. பிள்ளை யாருக்கு என்பதுதான். டேவிட்டின் சட்டத்தரணி பலெர்மோவுக்கே வந்துவிட்டார். பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பவள் நான் என்பதால் என்னையும் விசாரிக்க வேண்டுமாம். லிண்டா சொன்னது இவ்வளவுதான்: "உள்ளதைச் சொல்லும் ராணி. ஒண்டும் கூட்டவேண்டாம்."

ஓர் உள்ளூர் சட்டத்தரணியின் கந்தோர். வெளிர்க் கண்ணுள்ள அமெரிக்கர் ஒருவர், இத்தாலியனுக்கு மாற்றிச் சொல்ல ஒரு பெட்டை, டைப் அடிக்க ஒருத்தி. லிண்டாவின் பக்கத்துச் சட்டத்தரணியும் மூலையில் இருந்தார். என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன்.

நான் சிஞ்ஞோராவின் மானத்தைக் காக்கப் போனவள். தாய் பிள்ளைக்கு அடிப்பாவோ என்றார். இல்லை என்றேன். குடிப்பாவோ என்றார். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், இந்த ஊரில் பாதிரியாரும் அப்படித்தான் என்றேன். வீட்டுக்கு ஆம்பிளைகள் வருவார்களோ என்றார்.

"இப்பிடிக் கேக்க உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்றேன். அந்தப் பெட்டை அதை எப்படி மாற்றிச் சொன்னாளோ தெரியாது. அந்த மனிதர் சிரித்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்து எழும்பப் போகிற நேரம் கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலோரச் சாப்பாட்டுக் கடை வாசலில் ஏமி நிற்கிற படம். கிட்ட எடுத்ததால் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"என்ன வடிவான பிள்ளை. நல்லாச் சாப்பிடுறாளோ?"

எனக்குத் திக்கென்றது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. முன்பின் தெரியாத ஆள், அந்தக் கண்.

"எங்கை சிஞ்ஞோரே. ஒண்டும் சாப்பிடாது. மெலிஞ்சு எலும்பாப் போச்சு. எந்த நேரமும் வருத்தம்."

டைப் அடிக்கிற சத்தம் நிற்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

"எந்த நேரமும் வருத்தமோ? தாய் டொக்டரிட்டைக் கொண்டுபோனவவோ?"

கொண்டுபோகாததைக் கொண்டுபோனது என்று சத்தியத்தில் சொல்ல முடியுமா? "இல்லை. ஏன் கொண்டுபோக வேணும்?" என்றேன். மூலையில் இருந்த சட்டத்தரணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் ஏதேதோ கேட்டார்தான். அவருடைய கண்ணுக்கும் பயந்து, அவ்வளவு மோசமில்லை என்று மட்டும் சொன்னேன். கையெழுத்து வைத்துவிட்டு வந்து, பின்னேரம் ஏமியை இருத்தி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மனம் ஆறுதலாக இருந்தது.

மாலையில் லிண்டா வீட்டுக்கு வந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது.

"ராணி, நீர் இப்பிடிச் சொன்னனீரோ?"

"சொன்னன் சிஞ்ஞோரா. அவன் பிள்ளையைப் புகழ்ந்தான். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "எனக்கு விளங்குது. இதை நான் அங்கை ஆருக்கு விளங்கப்படுத்துவன்?"

"நான் திரும்பப் போறன். பொய் சொன்னனான் எண்டு சொல்லுறன்."

"சத்தியத்திலை பொய் சொன்னனீர் எண்டால் பேந்து நீர் என்னைப் பற்றிச் சொன்ன நல்லது ஒண்டையும் நம்பமாட்டினம்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். செப்டெம்பரில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவர் சொன்னது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

லிண்டாவின் பக்கத்தார் பிள்ளையைத் தராசில் நிறுத்து டொக்டரின் கடிதம் அனுப்பினார்கள். டொக்டர் ஒரு நாள் பார்த்தவர், வேலைக்காரி நாளாந்தம் பார்ப்பவள் என்று டேவிட்டின் பக்கத்தார் அங்கே வாதாடினார்களாம். தாய் வெளிநாட்டில் இருக்கிறா, தகப்பனுக்கு ஊரில் வீடு இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை தகப்பனிடம் என்று தீர்ப்பு வந்தது. "எல்லாம் உம்மாலை இல்லை, ராணி" என்றார் லிண்டா. அந்த "எல்லாம்" இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது.

5. விமான நிலையம்

ஈஸ்டருக்குப் பிறகு டேவிட் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். லிண்டா என்னையும் விமான நிலையத்துக்கு வரச் சொன்னார். என் மனிசர் சீசனின் கடைசி மண்டரின்களை ஒரு பையில் கொடுத்துவிட்டிருந்தார். உரித்துத் தரச் சொல்லி ஏமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உரிக்க உரிக்க வாங்கித் தின்றாள். அவளுக்குத் தமிழில் தெரிந்த சொற்களில் ஒன்று "இன்னும்".

டேவிட் வந்து அவளைத் தூக்கினார். "அம்மாடி, என்ன பாரம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். லிண்டாவுக்கு விளங்கியது. சொன்ன பிறகு டேவிட்டுக்கும் விளங்கியது. முகம் சிவந்து பிள்ளையை மெல்ல இறக்கிவிட்டார்.

வாசலில் கடதாசி பார்த்த பொலிஸ்காரி குனிந்து ஏமியின் கன்னத்தைத் தொட்டாள். "வடிவான பிள்ளை. நல்லாச் சாப்பிடுமோ?"

"ஓம்," என்றேன். "நல்லாச் சாப்பிடும். ஒரு வருத்தமும் இல்லை."

பிள்ளையின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. லிண்டா என் கையைப் பிடித்தார். ஏமி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

லிண்டாவும் அடுத்த மாதம் பிள்ளைக்குக் கிட்ட இருக்கவென்று அமெரிக்காவுக்குப் போனார். போவதற்கு முன் என் பெர்மெசோவுக்கு வேண்டிய கடதாசிகளையெல்லாம் செய்து தந்துவிட்டுத்தான் போனார்.

அமெரிக்காவைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. வீட்டுக் கதையை மேசையில் வைத்து டைப் அடிக்கிற நாடு உருப்படாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நீங்கள் அவர்களிடம் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை சாப்பிடுகிறதா என்று யாராவது கேட்டால், சாப்பிடுகிறது என்று சொல்லுங்கள். நாவூறு பட்டால் வீட்டுக்கு வந்து சுற்றிப் போடலாம். அவர்கள் எழுதியதைச் சுற்றிப் போட எந்த மிளகாயும் இல்லை.