எங்கட கடைக்கு மஞ்சள் அடிச்ச கிழமை

அப்ப எங்கட ரோட்டு முழுக்கப் பெயின்ற் மணம்தான்... குடிக்கிற பிளேன்ரீயிலகூட அந்த மணம் அடிக்கும்.

திருகோணமலை துறைமுகத்துப் பக்கம் எனக்கொரு சின்னக் கடை. தேத்தண்ணி, அரிசி, பிஸ்கட், போன் ரீலோட். ரீலோட்தான் அப்ப ஓடின யாவாரம்.

ரெண்டு போன் கொம்பனி. பேர் வேண்டாம், ஒண்டு மஞ்சள், மற்றது நீலம் எண்டு வைப்பம். ஒருத்தன் கோல் காசைக் குறைச்சா மற்றவன் விடியக் குறைப்பான். குறைச்சுக் குறைச்சு ரெண்டு பேருக்கும் கையைக் கடிச்சுதோ என்னவோ, பிறகு ஒரே விலையில நிண்டிட்டினம்.

சண்டை மட்டும் நிக்கேல்ல. விலையில அடிபடாம எங்கட சுவருகளில அடிபட்டினம். இந்த மாசம் நீலம் அடிச்ச கடை வாற மாசம் மஞ்சள். சலூன், ஐஸ் கடை, சைக்கிள் கடை ஒண்டையும் விடேல்ல. பாத்தா ஏதோ திருவிழா எண்டு நினைப்பீங்கள்.

என்ட மனுசன் நீலக் கொம்பனியில ரெப், கடை கடையாப் போய் ஆள் பிடிக்கிற வேலை. இன்னும் நிரந்தரமாக்கேல்ல. கொழும்பு மனேஜர் வந்து பாத்து ஓம் எண்டாத்தான் வேலை நிலைக்கும்.

மாரிக்கு என்ட கடைக்குள்ள தூவானம் அடிக்கும். முன்னுக்கு ஒரு தகரம் இறக்கித் தரச்சொல்லி இவர் இங்கத்த ஒஃபிஸில கேட்டவர். "உம்மட மனுசியின்ட கடைதானே, அது எங்க போகப்போகுது?" எண்டு சிரிச்சவையாம். தந்தது ஒரு விளம்பரப் போர்ட்!

இவர் கிளிவெட்டிப் பக்கம் போன ஒரு நாள் மஞ்சள் பெடியள் வந்தாங்கள். "அக்கா, தகரம் நாங்கள் போட்டுத் தாறம், கலர் எங்கட." எனக்கு அரிசி மூட்டை நனையிற கவலை. ஓம் எண்டிட்டன்.

பின்னேரம் இவர் வந்து, மோட்டசைக்கிளால இறங்காமலே பாத்துக்கொண்டு நிண்டார். "நல்லாத்தான் இருக்கு" எண்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்ல.

அந்தக் கிழமையே மனேஜர் சொல்லாமக் கொள்ளாம வந்திட்டார். கொம்பனி வானுக்குள்ள இவரும் இருந்தார். அந்த மஞ்சளைப் பாத்திட்டு நிக்காமப் போவாரே?

"இந்தக் கடைக்காறரைத் தெரியுமே?" எண்டு இவரிட்டக் கேட்டார்.

"பெரிசாத் தெரியாது சேர். கனதரம் கேட்டனான்... அந்த அம்மா மசியிறா இல்ல."

அந்த அம்மா! காலமை சோறு கட்டிக் குடுத்து அனுப்பின நான்... ஆனா வேலை போயிடுமே எண்டு நானும் சேந்து நடிச்சன். "ஓம் சேர், இந்த ஐயா வந்து கேட்டவர்தான். நான்தான் மாட்டன் எண்டனான்."

உள்ளுக்கு விளையாடிக்கொண்டிருந்த மகளுக்கு இவரின்ட குரல் கேட்டிட்டுது. நாலு வயசு. ஓடிவந்து "அப்..." எண்டு வாயைத் திறக்க, எட்டிப் பொத்திப்போட்டன். அவளின்ட மூச்சு என்ட உள்ளங்கையில சுட்டுது... இவர் ரோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

மனேஜர் ஒண்டையும் கவனிக்கேல்ல. "அக்கா, ஒரு ஃப்ரிட்ஜ் தாறம். எங்களிட்ட வாறீங்களோ?"

சொந்தக்காறிக்குப் போர்ட், பிறத்தியாளுக்கு ஃப்ரிட்ஜ்! ஓம் எண்டன். மசியாத கடையைப் பிடிச்ச கெட்டிக்காறன் எண்டு இவருக்கு வேலையும் நிரந்தரமாச்சு.

சீ... வெக்கக்கேடு. இண்டைக்கு நினைச்சாலும் உடம்பு கூசுது.

இப்ப ரீலோட் எல்லாம் போனுக்குள்ளயே. சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஒருத்தரும் வாறேல்ல. மகள் இப்ப ஏலெவல், கொமர்ஸ். சிலருரிமைச் சந்தை எண்டா ரெண்டு மூண்டு கொம்பனி மட்டும் பிடிச்சு வைச்சிருக்கிற சந்தை, விலைசாராப் போட்டி எண்டா விலையைக் குறைக்காம அடிபடுறது எண்டு சத்தம் போட்டுப் பாடமாக்குவாள். நான் குசினியில நிண்டு கேப்பன்.

போன கிழமை சந்தியில இவர் ஒஃபிஸ் ஆக்களோட கதைச்சுக்கொண்டு நிண்டவர். நானும் மகளும் அந்தப் பக்கமா வந்தனாங்கள். கூப்பிடுவம் எண்டு நான் கையைத் தூக்க, அவள் என்ட கையைப் பிடிச்சு ரோட்டின்ட மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போறாள்.

"வேண்டாமம்மா," எண்டாள். "அப்பா ஆக்களோட நிக்கிறார்."