மேலடுக்கு மட்டும் வெள்ளை

ஸெலி மர்ஷாந்தோவுக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது: மேகம். பாரிஸ் பத்திரிகைக்காரர்கள் பாலே பெண்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் மேகத்தில் மிதந்தார்கள் என்பார்கள். அந்த மேகத்தை வெட்டி, சுருக்கம் பிடித்து, கஞ்சி போட்டு, இடுப்புப் பட்டையில் தைத்துக் கொடுத்தவள் அவள். மேகம் அவள் விரல் நுனிகளைத் தின்றிருந்தது.

பாலே அரங்கின் தையல்கூடத்தில் அவள் சேர்ந்தபோது சின்னப் பெண். மேடையில் தேவதைகளும் ஆவிகளும் உலவத் தொடங்கியிருந்த காலம். பட்டும் சரிகையுமாகக் கனத்த ஆடைகள் போய், கெண்டைக்கால் வரை மணி போல விரியும் வெள்ளை மஸ்லின் பாவாடை வந்தது. அடுக்கின் மேல் அடுக்கு. அதற்குச் சற்று முன்னர்தான் மேடைக்குக் கேஸ் விளக்கும் வந்திருந்தது. நிலவு போன்ற அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் பாவாடை வெறும் துணி. பாவாடை இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு வேலை இல்லை. இரண்டும் புருஷன் பெண்டாட்டி போல ஒட்டி வாழ்ந்தன. அந்தக் குடித்தனத்தில் அவ்வப்போது ஒரு பெண் எரிந்தாள்.

கடைசியில் அரசாங்கம் விழித்துக்கொண்டது. படிகாரமும் வெண்காரமும் கரைத்த நீரில் பாவாடைகளை முக்கிக் காயவைக்க உத்தரவு வந்தது. அப்படி முக்கிய துணி தீயை ஏற்காது. ஆனால் மஞ்சளித்துப்போகும், விறைக்கும், துள்ளினால் எழும்பாது. பெண்களில் ஒருத்தியும் அதைத் தொடவில்லை.

ஸெலிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஃபிர்மேன், கேஸ் கம்பெனியில் தொழில் படித்தவன். இளையவள் நொயேமி, அதே அரங்கில் பின்வரிசைப் பெண். அந்த இலையுதிர் காலத்தில் நொயேமிக்கு முதன்முதலாகத் தனி ஆட்டம் கிடைத்தது. ஏரியில் விழுந்து செத்த மணப்பெண்ணின் ஆவி. ஸெலி அவளுக்குப் படிகார நீரில் முக்கிய பாவாடையைத் தைத்து வைத்தாள்.

“மத்தவளுங்க எல்லாம் பால் மாதிரி வருவாளுங்க. நான் மட்டும் பழைய சீஸ் மாதிரி வரணுமாம்மா?”

“பழைய சீஸ் கரியாகாதுடி.”

“ஆமா, நாறும். முன்வரிசை கனவானுங்க மூக்கைப் பொத்திக்குவாங்க.”

“அவனுங்க உன்னை மூக்காலயா பாக்கறானுங்க?”

தையல்கூடம் சிரித்தது. நொயேமி சிரிக்கவில்லை.

ஆட்ட ஆசிரியர் துவால் வந்து பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “மதாம் ஸெலி, இவ ஆவியா, வெங்காயமா? செத்தவ பறக்கணும். பறக்கலைன்னா சொல்லிடுங்க, லெயோந்தீன் தயாரா இருக்கா. அவ அம்மா தையல்கூடத்துல இல்ல. எனக்கும் தலைவலி இல்ல.”

அன்று வீட்டில் நொயேமி சூப்பைத் தொடவில்லை. “இது போச்சுன்னா எனக்கு இன்னொண்ணு வராதும்மா. பின்வரிசையில மரமா நின்னே கிழவியாகணுமா? அதுக்கா என்னைப் பெத்த?”

ஸெலி ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளடுக்குகள் எல்லாம் படிகாரத்தில் முக்கியவை. மேலடுக்கு மட்டும் முக்காத வெள்ளை. பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவது மேலடுக்குதானே. ஒரே ஒரு அடுக்கு; அப்படியே தீப்பிடித்தாலும் அடியில் இருப்பது காப்பாற்றிவிடும். தையல்காரியின் கணக்கு அது: துணியில் எப்போதும் அடித்துணிதான் தாங்கும். நொயேமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உடையோடு ஒத்திகை மதியத்தில் நடந்தது. உட்கார்ந்ததில் நசுங்கிய பாவாடையை அடியிலிருந்து இரு கைகளாலும் அள்ளி மேலே உதறிவிட்டு மேடையேறுவது அந்தப் பெண்களின் வழக்கம். சிலுவை போட மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள். நொயேமியும் உதறினாள். பக்கத்திரையை ஒட்டி ஒரு கேஸ் விளக்கு மூடியில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளை மேலடுக்கு எழும்பி அதை நோக்கிப் போயிற்று. படிகாரத்தில் முக்கியது எழும்பியிருக்காது.

ஊசியைப் பல்லில் கடித்தபடி ஸெலி பக்கத்தில் நின்றிருந்தாள். நொயேமி ஓடினாள். ஓடினால் காற்று. தீயணைப்புக்காரன் கம்பளியோடு பிடிப்பதற்குள் மேடையைப் பாதி கடந்திருந்தாள்.

குளிர் தொடங்கும் முன் ஆஸ்பத்திரியில் இறந்தாள். வெளித் தாழ்வாரத்தில் ஸெலி மகனிடம் கேட்டாள், “கீழடுக்கு ஏன்டா காப்பாத்தல?”

“கீழடுக்கு எரியலம்மா. தீ மேல்நோக்கித்தான் போகும். மேல இருந்தது அவ உடம்பு.”

கேட்டதற்குச் சரியான பதில்.

எரியாத அடுக்குகள் இடுப்புப் பட்டையோடு தையல்கூடத்து ஆணிக்குத் திரும்பி வந்தன. ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான். துவால் புரட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு. மேல ஒரு அடுக்கு போட்டா லெயோந்தீனுக்கு ஆகும்.”

“போடறேன், மொஸ்யே.”

போட்டாள். அந்த மேலடுக்கையும் முக்கிப் போட்டாள். லெயோந்தீன் பார்த்துவிட்டு, “ஐயே, இதைப் போட்டுக்கிட்டா காமாலை வந்தவ மாதிரி இருப்பேன்” என்றாள். வேறொருத்தி தைத்த முழு வெள்ளையில் ஆடினாள். கைதட்டல் நிற்கவில்லை. பத்திரிகைகள் மேகம் என்று எழுதின.

அதன் பிறகும் ஸெலி வருஷக்கணக்கில் அங்கேயே தைத்தாள். வேறு தொழில் தெரியாது. பாவாடை ஏறி முழங்காலுக்கு வந்தது, டூட்டு என்று செல்லப்பெயரும் வாங்கிக்கொண்டது. அளவெடுக்க வந்த ஒவ்வொரு புதுப்பெண்ணிடமும் அவள் ஒரே கேள்வி கேட்டாள்: “முக்கட்டுமா?”

“எதுல மதாம், உங்க சூப்புலயா?”

படிகார மதாம் என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபப்படவில்லை. அடுத்தவளிடம் அதையே கேட்டாள். ஒருத்தியும் சரி என்று சொன்னதில்லை.

ஒரு மார்ச் மாதத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்தாள். அறையைக் காலி செய்யப் போன ஃபிர்மேன், அலமாரியில் லெயோந்தீன் வேண்டாமென்ற அந்தப் பாவாடையைப் பார்த்தான். நொயேமிக்குப் பிறகு யாரும் உடுத்தாதது, ஒரு தடவையும் துவைக்காதது. மஞ்சள் மேலடுக்கில் தையல் நேர்கோடாக ஓடியது. அவன் தீக்குச்சியைக் கிழித்து அதன் ஓரத்தில் பிடித்தான்.

துணி கருத்தது. சுருண்டது. குச்சியை எடுத்ததும் அணைந்தது.

இன்னொரு இடத்தில் பிடித்தான். அங்கும் அணைந்தது. குச்சிகள் தீரும்வரை பிடித்துப் பார்த்தான்.