பதவி போன எம்.பி.

பாகூரில் நெல் மில் வைத்திருந்தவர் அவர். கட்டையான உடம்பு, சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. எதைக் கேட்டாலும் ஒரு நெல்லைக் கடித்து ஈரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இடையில் கொஞ்ச காலம் எங்கள் எம்.பி.யாக இருந்தார். மக்களவையைக் கலைத்ததும் மில்லுக்கே திரும்பிவிட்டார்.

அந்த வாரம்தான் நான் அவரிடம் போய் நின்றேன். ராணுவத்தில் சேர்ந்து பனிமலை எல்லையில் இருந்த என் மகனிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை.

"தில்லியில எங்க மொதலாளி வாயே தொறக்கல. அவராண்ட வந்து கேக்கறீங்களே டீச்சரம்மா" என்று மூட்டை தூக்குபவர் சிரித்தார்.

"நீ மூட்டைய தூக்குடா" என்றவர் ஒரு நெல்லைக் கடித்தார். "பதவி போச்சும்மா. பரவால்ல, பையனோட பட்டாள நம்பர் இன்னா?"

தில்லி வீட்டைக் காலி செய்யப் போனவர், பத்தாம் நாள் தந்தி அடித்தார். மகன் பனியில் சிக்கி ராணுவ மருத்துவமனையில் இருக்கிறான், கால்கள் இரண்டும் பிழைத்துவிட்டன என்றிருந்தது.

அவர் ஊர் திரும்பியதும், "பதவி இல்லாம ராணுவ ஆபீஸ்ல உங்கள எப்டிங்க உள்ள வுட்டாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வுட்டாங்க? நெல்லு ஈரமா இருந்தா காயற வரைக்கும் களத்துலயே நிப்பமே, அப்டி அந்த ஆபீஸ் வாசல்ல மூணு நாளு நின்னேன். நாலாம் நாளு அவுங்களே கூப்ட்டு இன்னா வேணும்னு கேட்டாங்க."

இன்றும் உங்கள் எம்.பி. யார் என்று எவராவது கேட்டால், அடுத்து ஜெயித்தவரின் பெயர் என் வாயில் வருவதில்லை. அந்த மில்காரரைத்தான் சொல்கிறேன்.