டைமிங் செயினுக்கு வைத்த பொட்டு

அன்று தர்மபுரி பட்டறையில் மூன்று பேர் இருந்தோம்: நான், மெக்கானிக் பாய், மறுநாள் என் பழைய அம்பாசடரில் தீர்த்தமலைக்குப் போகவேண்டிய கல்யாணப் பெண்ணின் அப்பா. அவர் கொடுத்த முன்பணத்தை வீட்டுச் செலவு தின்றுவிட்டது. வண்டி கிளம்பாவிட்டால் திருப்பித் தர வழியில்லை.

இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை மாற்ற வேண்டும். எந்தப் பல் எதற்கு நேரே வரவேண்டும் என்று அது ஓடும் இரண்டு பல்சக்கரத்திலும் வெற்றிலைச் சுண்ணாம்பால் புள்ளி வைத்துக் கழற்றிவிட்டு, பாய் தொழுகைக்குப் போனார். பயத்தில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புள்ளியை அழுக்கென்று துடைத்துவிட்டு, நல்லபடியாக ஓடட்டும் என்று சக்கரங்களின் நடுவில் குங்குமம் வைத்தேன்.

திரும்பி வந்த பாய், "நான் வெச்ச சுண்ணாம்பு எங்கீங்க?" என்றார். சொன்னேன்.

"வுட்டா எம் பொண்ணுக்கும் இவரே அலங்காரம் பண்ணிருவாருங்க" என்றார் பெண்ணின் அப்பா.

திட்டுக்காக ஒடுங்கி நின்றேன். பாய் பெருமூச்சு விட்டு, பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி, எந்தப் பல் எதற்கு நேர் என்று மறுபடி முதலிலிருந்து கண்டுபிடித்தார். பிறகு ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"பொட்டு இங்க வெய்யிங்க. அதப் பாத்தே மாட்டிக்கிறேன்."

விடியலில் வண்டி கிளம்பியது. பாதியில் படிப்பை விட்டதால்தான் எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று நினைத்திருந்தேன். இது என்ன புள்ளி என்று வாய்திறந்து கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தடவை செய்த வேலைக்கு பாய் ஒரு கூலிதான் கேட்டார். அதிலும் நாற்பது ரூபாய் இன்னும் பாக்கி.