கம்பி இல்லாமல் ரிவர்ஸ் வராது

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எதிரே யார் வந்தாலும் ஓர் அங்குலம் பின்னால் போகாதவன் என்று. மலையாள தேசத்தில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு, குடை பிடித்த இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்த்தாக வேண்டிய தெரு. அதற்குள் நான் ஒரு குட்டி லாரியை ஓட்டிக்கொண்டு வருவேன். விற்றவர்கள் அதைக் கார் என்றார்கள். எதிரே ஆட்டோ வந்தால் ஆட்டோ பின்னால் போகும். ஸ்கூட்டர் வந்தால் பக்கத்து வீட்டுப் படியில் ஏறிக்கொள்ளும். நடந்து வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிப் பல்லியாகிவிடுவார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. காற்றில், இல்லாத மீசையை முறுக்கிய முகத்தோடு காத்திருப்பேன்.

என்ன திமிர் பார் என்று நீங்கள் நினைத்தால் அது எனக்குப் பெருமை. உண்மை அதைவிடக் கேவலம். எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது.

பிறகு லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் கார் லைசென்ஸ் வேண்டுமென்றால் ஒரு மைதானத்தில் இரும்புக் கம்பிகளை ‘எச்’ வடிவத்தில் நட்டு, எதையும் தொடாமல் அதற்குள் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். டிரைவிங் ஸ்கூல் ஆசான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தரவில்லை, கம்பி பார்க்கக் கற்றுத் தந்தார். ரிப்பன் கட்டிய கம்பி பின்ஜன்னலில் தெரிந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடி, அடுத்த கம்பி தெரிந்தால் நேராக்கு. இதைச் சுலோகம்போல் உருப்போட்டு முதல் தடவையிலேயே பாஸ் செய்தேன். என் மனைவியும் என்னோடு அந்த வகுப்புக்கு வந்தாள். பாதியிலேயே நின்றுவிட்டாள். “கம்பி நட்ட ஊர்ல மட்டும் ஓட்டறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?” என்றாள். அப்போது எனக்கு அது பொறாமையாகத் தெரிந்தது.

லைசென்ஸ் பர்ஸில் தூங்கியது. எனக்கு ஸ்கூட்டர் போதுமாக இருந்தது. ரிட்டையர் ஆகும்வரை செக்ரட்டேரியட்டில் உட்கார்ந்து ஃபைல்களைப் பின்னுக்குத் தள்ளியவன் நான். அந்தத் திறமை நான்கு சக்கரத்துக்கு உதவாது என்பதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வரவில்லை.

சந்தர்ப்பத்தைத் தந்தது அமெரிக்கா. டெக்ஸாஸில் இருக்கும் என் மச்சினர் வீட்டுக்குப் போய் ஒரு கோடைக்காலம் தங்கினோம். அங்கேதான் இந்த வியாதி தொற்றியது.

அந்த ஊர்த் தெருவில் நம் கோயில் தேரே போகலாம். அப்படிப்பட்ட தெருவில் ஓட்டுவதற்கென்று, ஏணி வைத்து ஏற வேண்டிய வண்டிகளைச் செய்து வைத்திருந்தார்கள். பானெட் என் மார்பு உயரம். அதன் முன்னால் ஒரு குழந்தை நின்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் லோடு ஏற்ற ஒரு பெரிய தொட்டி. அந்தத் தொட்டியில் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றி நான் பார்த்த அதிகபட்ச லோடு, ஒரு கேன் பால். மீதி நாட்களில் அது காற்றைச் சுமந்தது.

என் மச்சினர் வீட்டுக்குள் இரண்டாவது தடவை ரசம் கேட்கக் கூச்சப்படுகிறவர். அதே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் முன்னால் போகிற கார்க்காரரின் பிடரி முடியை எண்ணும் தூரத்தில் போவார், ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே. எதற்கு இந்த அவசரம் என்று கேட்டேன். இடைவெளி விட்டால் நடுவில் எவனாவது நுழைந்துவிடுவான் என்றார். நுழைந்தால் என்ன என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், தேசத்துரோகியைப் பார்ப்பதுபோல.

அந்தத் தெருவில் இரண்டு கட்சி. பெரிய வண்டிக்காரர்கள் சின்ன வண்டிக்காரர்களை நாட்டைக் கெடுப்பவர்கள் என்பார்கள். சின்ன வண்டிக்காரர்கள் பெரிய வண்டிக்காரர்களை உலகத்தையே கெடுப்பவர்கள் என்பார்கள். ஆனால் முகத்துக்கு நேரே ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்க்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் வண்டியின் பின்புறத்தில் ஸ்டிக்கராக ஒட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அத்தனை நாள் தங்கியும் பக்கத்து வீட்டுக்காரர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அவருடைய வண்டியின் பின்புறத்தை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு வந்திருந்தால் நான் புத்திசாலி. ஊர் திரும்பிய சூட்டோடு, இங்கே கிடைப்பதிலேயே பெரிய காராகப் பார்த்து வாங்கினேன். பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு என்று மச்சினர் சொல்லியிருந்தார். யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.

வாங்கிய பிறகுதான், வீட்டுக் கேட்டுக்குள் முன்னால் போன வண்டி பின்னால் வரவேண்டும் என்ற இயற்கை விதி நினைவுக்கு வந்தது. ரிவர்ஸ் போட்டால் திரையில் கலர் கலராகக் கோடு வந்தது. ரிப்பன் கட்டிய கம்பி வரவில்லை. இரண்டு பக்கமும் வீடு இருப்பதைப் பார்த்த சென்சார் பசித்த குழந்தைபோல் வீறிட்டது. ஆகவே வீட்டின் மறுபக்கச் சுவரை இடித்து இரண்டாவது கேட் வைத்தேன். ஒரு கேட்டில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறலாம். வாஸ்துக்காரர் சொன்னார் என்று தெருவில் பரப்பினேன். பார்த்த இரண்டு வீட்டுக்காரர்கள் தாங்களும் வாஸ்து பார்த்துச் சுவரை இடித்தார்கள். அவர்களிடம் காரே இல்லை.

ஒருநாள் பொன்முடி அடிவாரத்தில் கல்லாற்றில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். கடை வாசலில் மூக்கை மலைப்பக்கம் வைத்து நிறுத்திவிட்டேன். டீயைக் குடித்தோம். வண்டியைத் திருப்ப வழியில்லாமல், வளைவு வளைவாக ஏறி, உச்சிக்குப் போய், அகலமான இடத்தில் வட்டமடித்துத் திரும்பினோம். கல்லாறு மறுபடி வந்தபோது மனைவி, டீ குடிக்க மலை ஏறிய முதல் மனுஷன் நீங்களாக்கும் என்றாள்.

என் வண்டியைப் பார்த்த கடைசி வீட்டுக்காரர் அதைவிட நான்கு விரற்கடை அகலமானது ஒன்று வாங்கினார். ரிட்டையரான ரோடு என்ஜினியர். ரோட்டுக்கு அகலம் எவ்வளவு வேண்டும் என்று சர்வீஸ் முழுக்கக் கையெழுத்துப் போட்டவர். அதோடு எங்கள் தெருவும் அமெரிக்காவாயிற்று. ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் இரண்டாக உடைந்தது, கார் வைத்திருப்பவர்கள் ஒன்று, காருக்குப் பயந்து நடப்பவர்கள் ஒன்று. முதல் வீட்டு ஸ்கூட்டர்காரர் என் பால்ய சிநேகிதர். அவருடைய ஸ்கூட்டர் கண்ணாடியை என் வண்டி பறித்துக்கொண்டு போன நாளிலிருந்து இரண்டாவது குரூப்புக்குத் தலைவராகி, என்னைக் கண்டால் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்குப் பக்கத்து வீட்டு மாமி எந்தக் குரூப்பிலும் இல்லை. அவரிடம் வண்டியும் இல்லை, வாட்ஸ்அப் பார்க்க நேரமும் இல்லை. வீட்டில் சமைத்து விசேஷங்களுக்கு அனுப்புகிறவர். சீமந்தம், சஷ்டியப்த பூர்த்தி என்று சின்னச் சின்ன ஆர்டர்கள்தான். கல்யாணமெல்லாம் பெரிய காண்டிராக்டர்கள் கையில். அந்த ஆவணியில், சிங்க மாச முகூர்த்தத்துக்கு, நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய மண்டபத்தில், பாயசத்தை மட்டும் செய்து தரச் சொல்லி முதல் தடவையாக மாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். நடையாய் நடந்து வாங்கிய ஆர்டர். முந்தைய நாள் தெரு முழுக்க வெல்லம் காய்ச்சுகிற வாசனை. காலையில் அடைப் பிரதமன் பாயசம் அண்டா அண்டாவாக ஒரு பெட்டி ஆட்டோவில் ஏறியது. பந்தியில் பாயசத்துக்கு முறை வருவதற்குள் அது அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் அப்போது பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். வாராவாரம் உடைப்பேன். வேண்டுதல் ஒன்றே ஒன்று: பிள்ளையாரே, இந்த வாரமும் ரிவர்ஸ் எடுக்க வைக்காதே.

தெருவுக்குள் நுழைந்து நான்கு வீடு தாண்டினேன். எதிரே பெட்டி ஆட்டோ. வழக்கப்படி அது பின்னால் போகும் என்று காத்திருந்தேன். ஆட்டோவுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. ஆட்டோவின் கூரைக்கு மேலே, பல்லைக் காட்டிக்கொண்டு, என்ஜினியரின் வண்டி. வெளியே போகக் கிளம்பியிருந்தார். ஆக இரண்டு மலைகளுக்கு நடுவே பாயசம்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். “சாரே, ஒந்நு பின்னோட்டு எடுக்காமோ? நாலு வீடல்லே உள்ளூ.” நாலு வீடுதானே, கொஞ்சம் பின்னால் எடுக்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் நேரே பார்த்தேன். அவர் என்ஜினியரிடம் போனார். என்ஜினியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே படிகளில் வந்து நின்றது. உள்ளே வருகிறவன்தான் வழி விட வேண்டும் என்று அந்தக் கோடி. வெளியே போகிறவருக்கு என்ன அவசரம் என்று இந்தக் கோடி. ஒருவர் சட்டம் பேசினார். இன்னொருவர் என் வண்டியின் விலையைச் சொல்லி, அவ்வளவு கொடுத்தவர் எப்படிப் பின்னால் போவார் என்று எனக்காக வாதாடினார். பாயசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பானெட்டில் யாரோ தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன், ஒருவரும் தெரியவில்லை. மாமி குள்ளம். என் வண்டியின் மூக்குக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். டெக்ஸாஸில் நான் யோசித்துப் பார்த்த குழந்தை இதுதான் போலிருக்கிறது, கொஞ்சம் வயதாகி, கையில் கரண்டியோடு. கண்ணாடியை இறக்கினேன்.

“இந்த ஆர்டர் போச்சுன்னா அந்த மண்டபத்துக்காரா இனிமே என்னை நினைச்சே பார்க்க மாட்டா. உங்க ரெண்டு பேர் சண்டையை நாளைக்கு வச்சுக்கப்படாதா?”

சண்டை என்று ஒன்று இருந்தால் அல்லவா நாளைக்கு வைத்துக்கொள்ள! “மாமி, எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாருக்கும் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கேலி பேசித் திரிந்தவன் ஒரே ஒரு தடவை நிஜம் சொன்னால் இதுதான் மரியாதை. முதல் வீட்டு ஸ்கூட்டர்காரர் என் பின்பக்கத்துப் படியிலிருந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார். “பாயசம் ஆறிண்டிருக்கு ஓய். உம்ம தமாஷுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?”

அப்போதுதான் என் மனைவி வாசலுக்கு வந்தாள். “தமாஷ் இல்லை. நிஜமாவே தெரியாது. கம்பி இருந்தாத்தான் எடுப்பார்.”

வேறு யாராவது எடுத்துவிடலாமே என்றார் ஒருவர். கதவைத் திறந்தேன். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து சுவரில் முட்டியது. என் வயிறு கையைப்போல் இல்லை. பக்கத்து சீட்டுக்குத் தாவுகிற உடம்பும் இல்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே சொம்புகூடப் போகாது. இரண்டு தலைமுறைக்குப் பாதுகாப்பான வண்டி அது. உள்ளே இருப்பவன் வெளியே வரவே முடியாது.

மனைவி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் படிகளில் நின்றவர்களிடம் உத்தரவு போட்டாள். வலப்பக்கம் இவ்வளவு பேர், இடப்பக்கம் இவ்வளவு பேர், படியை விட்டு இறங்காமல் கதவோடு ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள் என்றாள். “நீங்கள்லாம் இப்போ கம்பி. யாரும் அசையப்படாது, கை காட்டப்படாது, புத்தி சொல்லப்படாது.” ஒரு சிவப்புத் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றித் தெருமுனைக்கு அனுப்பினாள். அங்கே நின்றவர் ஸ்கூட்டர்காரர். “நீங்க ரிப்பன் கம்பி.”

அவர் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, விறைத்து நின்றார். பழைய சிநேகிதர் அல்லவா, இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தை விடுவாரா?

சென்சாரை அணைத்தேன். ஆசானை நினைத்துக்கொண்டேன். இரண்டு கண்ணாடியிலும் ஒரே அளவு கம்பி தெரிந்தால் வண்டி நேராக இருக்கிறது என்று அர்த்தம். நகர்த்தினேன். அந்த உயரமான சீட்டில் உட்கார ஆரம்பித்த பிறகு என் தெருக்காரர்களின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன், ஒவ்வொருவராக, கண்ணாடிக்குள். இரு கட்சிக்காரர்களும் கலந்து நின்றார்கள். சிரிப்பை அடக்கும் வேதனையில் எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு கம்பிக்குத் தும்மல் வந்தது. பிரேக் போட்டுக் காத்திருந்தேன். பின்ஜன்னலில் சிவப்பு தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். வண்டி வளைந்து மெயின் ரோட்டுக்கு வந்து நின்றது. ஒரு கம்பியும் விழவில்லை. மறுபடியும் முதல் தடவையிலேயே பாஸ்.

பெட்டி ஆட்டோ, அண்டா மூடிகள் குலுங்க, பறந்தது. மாமி டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே என்ஜினியரின் வண்டியும் போயிற்று, வெற்றி பெற்றவரின் முகத்தோடு.

பாயசம் முறைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. காலியான அண்டாவோடும் அடுத்த மாதத்துக்கு ஒரு கல்யாண ஆர்டரோடும் மாமி மத்தியானம் திரும்பினார். எங்கள் வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் மட்டும் பேசினார். இனிமேல் ஆர்டர் இருக்கும் நாளில் முன்கூட்டியே சொல்லி அனுப்புவதாகவும், அன்றைக்கு இரண்டு வண்டியும் வெளியே வரப்படாது என்றும் சொன்னார். வேண்டுகோள்போல் ஆரம்பித்து, முடிக்கும்போது உத்தரவாகிவிட்டது.

சாயங்காலம் என்ஜினியர் வந்தார், நடந்து. காபியைக் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், போகிற போக்கில் குரலைத் தாழ்த்தி, அந்த டிரைவிங் ஸ்கூல் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அந்த வருஷத்தின் மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

மாமியின் ஆர்டர்கள் இப்போது கூடிவிட்டன. அந்த நாட்களில் தெருவின் இரண்டு மாவீரர்களும் பஸ் பிடிக்கக் கிழக்கே கோட்டைக்கு நடக்கிறோம். ஸ்கூட்டர்காரர் மட்டும் மனமிரங்கினால் என்னைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். ஏறுவதற்கு முன்னால் கம்பி ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்.

போன வாரம் மச்சினர் வீடியோவில் வந்தார். வண்டி எப்படிப் போகிறது, ஊரில் நல்ல மரியாதைதானே என்று கேட்டார்.

“பிரமாதம். நான் வண்டியை எடுத்தா தெருவே ரெண்டு பக்கமும் எழுந்து நின்னுடறது” என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி, அசையாமல் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள்.